வயலுக்கடியில் எண்ணெய் தேங்குவது எப்படி?

திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் செல்லும் வழியிலும், குத்தாலம், நன்னிலம், கோவில்களப்பால் சுற்றுவட்டாரத்திலும் நெல் வயல்களுக்கு நடுவே கம்பி வேலி போட்ட சிறு திடல்களைக் காணலாம். வேலிக்குள் ஆள் உயரத்துக்கு மேலாக, பல திருகு அடைப்பான்கள் பொருத்திய இரும்புக் குழாய் ஒன்று நிற்கும். எண்ணெய்த் துறையில் வேலை செய்வோர் அதைக் 'கிறிஸ்துமஸ் மரம்' என்று அழைப்பார்கள். பூமிக்கடியிலிருந்து வரும் எண்ணெயையும் எரிவாயுவையும் அடக்கித் திறந்துவிடும் வாய் அதுதான்.

இதைப் பார்க்கும் விவசாயிகளுக்குப் பல சந்தேகங்கள் எழுவது இயற்கை. வயலுக்கடியில் எண்ணெய் ஏரி இருக்கிறதா? அதை இறைத்தால் நிலம் உள்வாங்குமா? ஆழ்குழாய்க் கிணற்று நீரும் அந்த எண்ணெயும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா? இவற்றுக்கு விடை காண வேண்டுமானால், எண்ணெயும் வாயுவும் பூமிக்குள் எப்படி உண்டாகி எங்கே தேங்குகின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏரியாக இல்லை, பாறையில் ஊறியிருக்கிறது

பூமிக்கடியில் எண்ணெய் ஏரியாகவோ ஆறாகவோ கிடப்பதில்லை. பாறையின் நுண்ணிய துளைகளுக்குள் ஊறிக் கிடக்கிறது. நன்கு காய்ந்த செங்கல் ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டால், குமிழி விட்டுக்கொண்டே நீரை உறிஞ்சும். வெளியே எடுத்து நிறுத்துப் பார்த்தால் எடை கூடியிருக்கும். கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் இருப்பதே இதற்குக் காரணம். எண்ணெய் தேங்கும் மணற்பாறையும் இப்படிப்பட்டதுதான். நல்ல மணற்பாறையின் கன அளவில் 100-க்கு 10 முதல் 25 பங்கு வரை துளைகளாக இருக்கும்.

துளை இருந்தால் மட்டும் போதாது. ஒரு துளையும் அடுத்த துளையும் இணைந்திருந்தால்தான் எண்ணெய் நகர முடியும். இதை விவசாயிகளுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. படுகை மணலில் விட்ட தண்ணீர் நொடியில் கீழே இறங்கிவிடுகிறது. களிமண் வயலிலோ நாள்கணக்கில் நிற்கிறது. உண்மையில் களிமண்ணில் துளைகளின் மொத்த அளவு மணலைவிடக் கூடுதல். ஆனால் அந்தத் துளைகள் மிக மிக நுண்ணியவை. நீரை வழிவிடாமல் பிடித்துக்கொள்பவை. எனவே கொள்ளும் தன்மை வேறு, ஊடுருவ விடும் தன்மை வேறு.

மணல் வழியே நீர் பாயும் வேகத்தை முதன்முதலில் அளந்து விதி கண்டவர் பிரான்சு நாட்டுப் பொறியாளர் ஹென்றி டார்சி. டிஜோன் நகரத்தின் குடிநீர்ப் பணியில் ஈடுபட்டிருந்த அவர், 1856-ல் அதை வெளியிட்டார். கிணற்றில் எவ்வளவு நீர் ஊறும் என்று கணிக்க உதவும் அதே விதிதான், எண்ணெய்க் கிணற்றில் எவ்வளவு எண்ணெய் வரும் என்று கணிக்கவும் இன்று அடிப்படையாக உள்ளது.

எண்ணெய் பிறக்கும் இடம்

எண்ணெய் தேங்கும் பாறை ஒன்று. அது பிறக்கும் பாறை வேறொன்று. பிறக்கும் பாறைக்கு மூலப்பாறை என்று பெயர்.

கடலிலும் ஏரியிலும் மிதந்து வாழும் நுண்பாசிகளும் நுண்ணுயிரிகளும் கோடிக்கணக்கில் மடிந்து அடியில் படிகின்றன. காற்றோட்டம் உள்ள இடத்தில் அவை மக்கி மறைந்துவிடும். காற்றோட்டம் இல்லாத அடிச் சேற்றில் முழுவதும் மக்காமல் தங்கிவிடும். பல காலம் தூர்வாராத குளத்தின் அடியில் கறுத்து, நாற்றமடிக்கும் வண்டல் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அப்படிப்பட்ட சேற்றின்மேல் ஆறுகள் மண்ணையும் மணலையும் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தால், அது மேலும் மேலும் ஆழத்துக்குப் போய் இறுகிக் களிப்பாறையாகிறது.

ஆழம் கூடக் கூட வெப்பமும் கூடுகிறது. பொதுவாக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 25 முதல் 30 டிகிரி வரை சூடு ஏறும். சுமார் 60 டிகிரி சென்டிகிரேடை எட்டும்போது சேற்றில் அடைபட்ட அங்ககப் பொருள் சிதைந்து எண்ணெயாக மாறத் தொடங்குகிறது. 120 டிகிரி வரை எண்ணெய் உண்டாகிறது. அதற்கும் மேலே சூடு போனால் பெரும்பாலும் வாயுவே உண்டாகும். இது ஓரிரு ஆண்டுகளில் நடக்கும் வேலை அல்ல. பல இலட்சம், பல கோடி ஆண்டுகள் பிடிக்கும். இன்று எடுத்துத் தீர்த்த எண்ணெய் அடுத்த தலைமுறைக்குள் மீண்டும் ஊறாது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நடவு வயலில் கால் வைத்தால் சேற்றிலிருந்து குமிழிகள் கிளம்பும். அவற்றில் இருப்பது மீத்தேன் வாயு. சாண எரிவாயுக் கலனில் கிடைப்பதும் மீத்தேனே. ஆழத்திலிருந்து வரும் இயற்கை எரிவாயுவிலும் பெரும்பகுதி மீத்தேன்தான். மூன்றும் ஒரே வாயுவானாலும் பிறப்பு வேறு. வயலிலும் சாணக் கலனிலும் அதை உண்டாக்குவது நுண்ணுயிர்கள். ஆழத்தில் பெரும்பாலும் உண்டாக்குவது வெப்பம். எனவே வயலில் குமிழி வந்தால் அடியில் எரிவாயு இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

மேலேறும் பயணம்

மூலப்பாறையில் உண்டான எண்ணெய் அழுத்தம் தாங்காமல் பிதுங்கி வெளியேறி, அருகிலுள்ள மணற்பாறைக்குள் புகுகிறது. அந்த மணற்பாறையின் துளைகளில் ஏற்கெனவே நீர் நிறைந்திருக்கும். எண்ணெய் நீரைவிட இலேசானது. வாயு அதைவிட இலேசானது. ஆகவே இரண்டும் நீரை விலக்கிக்கொண்டு, துளைக்குத் துளை தாவி, மெல்ல மேல்நோக்கி நகர்கின்றன. சாய்வாகக் கிடக்கும் மணற்பாறை வழியே பல கிலோமீட்டர் தூரம்கூடப் பயணம் செய்வதுண்டு.

வழியில் தடையே இல்லாவிட்டால் எண்ணெய் தரைக்கு வந்து கசிந்து, காற்றிலும் வெயிலிலும் கெட்டுப்போகும். உலகில் உண்டான எண்ணெயில் பெரும்பகுதி இப்படித் தேங்காமல் போய்விட்டது. வழியில் தடைபட்டு நின்ற சிறு பகுதியைத்தான் மனிதன் எடுத்துப் பயன்படுத்துகிறான்.

மூடியும் பொறியும்

எண்ணெயைத் தடுத்து நிறுத்த இரண்டு தேவை. ஒன்று மூடி, மற்றொன்று பொறி.

சாண எரிவாயுக் கலனைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். சாணக் கரைசலின் மேல் இரும்புத் தொட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கிளம்பும் வாயு தொட்டியின் உச்சியில் சேரச் சேரத் தொட்டி உயரும். தொட்டியில் துரு பிடித்து ஓர் ஊசித்துளை விழுந்தாலும் வாயு நிற்காது. தொட்டியைக் கவிழ்க்காமல் தட்டைத் தகரத்தை மட்டும் மேலே வைத்தால், வாயு ஓரம் வழியே ஓடிவிடும். ஓட்டையில்லாத இரும்புதான் மூடி. கவிழ்த்த வடிவம்தான் பொறி.

பூமிக்குள் மூடியாக அமைவது பெரும்பாலும் களிப்பாறை. கவிழ்த்த வடிவம் பல வகைகளில் அமையும். முக்கியமானவை மூன்று:

1. மேல்மடிப்பு: பாறை அடுக்குகள் பக்கவாட்டில் நெருக்கப்பட்டு, கவிழ்த்த ஓடு போல வளைந்திருக்கும். உச்சியில் வாயு, அதற்குக் கீழே எண்ணெய், அதற்கும் கீழே உப்பு நீர் என்று எடைக்கேற்ப அடுக்காக நிற்கும். இத்தகைய மடிப்புகளின் உச்சியைத் தேடித் துளையிட வேண்டும் என்பதை அமெரிக்க நாட்டு ஐ.சி.ஒயிட் 1885-ல் எடுத்துரைத்தார்.

2. பிளவு: பாறை அடுக்குகள் வெடித்து ஒரு பக்கம் கீழே இறங்கியிருக்கும். மேலேறி வரும் மணற்பாறையின் எதிரே களிப்பாறை வந்து நின்றால், கதவு சாத்தியது போல எண்ணெய் அங்கேயே தங்கிவிடும்.

3. மணல் ஒடுங்குதல்: பழைய ஆற்று மணலோ கடற்கரை மணலோ ஓரிடத்தில் மெலிந்து களிமண்ணுக்குள் மறைந்துபோகும். அந்த முனையில் எண்ணெய் அடைபடும்.

மூலப்பாறை, தேக்கப்பாறை, மூடுபாறை, பொறி ஆகிய நான்கும் சரியான வரிசையில் அமைய வேண்டும். எண்ணெய் வந்து சேர்வதற்கு முன்பே பொறி உருவாகியிருக்கவும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் எண்ணெய் தேங்காது. ஆயிரக்கணக்கான அடி துளைத்த பின்னும் பல கிணறுகளில் உப்பு நீர் மட்டுமே வருவதற்குக் காரணம் இதுவே.

காவிரிப் படுகையின் கதை

இன்று நெல் விளையும் சமவெளிக்கு அடியில் மேடும் பள்ளமுமான பழைய நிலம் ஒன்று புதைந்து கிடக்கிறது. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா, அண்டார்டிகா முதலிய நிலப்பகுதிகள் ஒன்றாக இருந்த பெருங்கண்டம் பிளந்தபோது, கிழக்குக் கரையோரம் தரை வெடித்து நீண்ட பள்ளங்கள் உண்டாயின. தஞ்சாவூர், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் ஆகிய ஊர்களின் பெயரால் இப்பள்ளங்கள் அழைக்கப்படுகின்றன. இடையிடையே கும்பகோணம் - மாதானம் மேடு, காரைக்கால் மேடு போன்ற பாறை முதுகுகள் நிற்கின்றன. பள்ளங்களில் கடல் புகுந்தது. ஆறுகள் வண்டல் கொட்டின. சில இடங்களில் இந்தப் படிவு பல கிலோமீட்டர் தடிமன் உள்ளது.

அக்காலக் கடலைக் கண்ணால் பார்க்க விரும்புவோர் அரியலூர் வட்டாரத்துக்குப் போனால் போதும். அங்கே அதே காலத்துப் படிவுகள் தரைக்கு மேலேயே தெரிகின்றன. உழும்போது கிடைக்கும் கல்லாகிப்போன கிளிஞ்சல்களும், சுருள் வடிவக் கடல் உயிரிகளின் ஓடுகளும், சிமெண்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லும் அக்கடலின் மிச்சங்களே.

இந்த அடுக்குகளுக்குப் புவியியல் வல்லுநர்கள் உள்ளூர்ப் பெயர்களையே சூட்டியிருக்கிறார்கள். ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி, குடவாசல், நன்னிலம், கமலாபுரம், நிரவி என்று வரும் பெயர்கள் எல்லாம் பாறை அடுக்குகளின் பெயர்கள். இவற்றுள் ஆண்டிமடம் அடுக்கிலும் சாத்தப்பாடிக் களிப்பாறையிலும் எண்ணெய் பிறந்ததாகக் கண்டுள்ளனர். புவனகிரி, நன்னிலம், கமலாபுரம், நிரவி அடுக்குகளின் மணற்பாறைகளில் எண்ணெயும் வாயுவும் தேங்கியிருக்கின்றன.

காவிரிப் படுகையில் முதல் ஆழ்கிணறு 1964-ல் காரைக்காலில் துளைக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் தேடிய பிறகே, 1980-களில் நரிமணம் முதலிய எண்ணெய் வயல்கள் கண்டறியப்பட்டன. நாகப்பட்டினத்துக்கு அருகே பனங்குடியில் ஆண்டுக்கு 5 இலட்சம் டன் திறனுடன் சுத்திகரிப்பு ஆலை 1993-ல் தொடங்கப்பட்டது.

பாசன நீரும் பாறை நீரும்

எண்ணெய்க் கிணறுகள் பொதுவாக ஒரு கிலோமீட்டருக்கும் கீழே போகின்றன; பல கிணறுகள் இரண்டு கிலோமீட்டரையும் தாண்டும். பாசன ஆழ்குழாய்க் கிணறுகள் பெரும்பாலும் சில நூறு அடிகளில் நின்றுவிடுகின்றன. இரண்டுக்கும் இடையே பல களிமண் அடுக்குகள் கிடக்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகள் வாயுவையே மேலே விடாமல் பிடித்து வைத்திருந்த மூடி, நீரையும் அவ்வளவு எளிதில் விடாது. ஆழத்து மணற்பாறையிலிருந்து எண்ணெய் எடுப்பதால் மட்டும் மேலுள்ள பாசன நீர்மட்டம் நேரடியாக இறங்கிவிடுவதில்லை.

ஆனால் அந்த மூடியை ஊடுருவிச் செல்வது ஒன்று உண்டு. அது துளையிட்ட கிணறுதான். எனவேதான் கிணற்றில் ஒன்றுக்குள் ஒன்றாக எஃகுக் குழாய்களை இறக்கி, குழாய்க்கும் பாறைக்கும் இடையே சிமெண்ட் கலவையைச் செலுத்தி அடைக்கிறார்கள். இந்தச் சிமெண்ட் சரியாகப் பிடிக்காவிட்டாலும், குழாய் அரித்துப்போனாலும், கைவிட்ட கிணற்றை முறையாக அடைக்காவிட்டாலும், வாயுவோ உப்பு நீரோ மேலேறி நன்னீர் மணலில் கலக்க வழி உண்டாகும். ஆபத்து இருக்குமானால் அது பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

எண்ணெயுடன் சேர்ந்து வரும் உப்பு நீரும் கவனத்துக்குரியது. கிணறு பழையதாக ஆக ஆக, எண்ணெய் குறைந்து இந்த நீர் கூடும். இதைச் சுத்தம் செய்து மீண்டும் ஆழத்துப் பாறைக்குள் செலுத்துவதே முறையாகும். வாய்க்காலில் விட்டால் நிலம் உவராகும். மண்ணின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 3 டெசிசைமன் அளவைத் தாண்டினாலே நெல் மகசூல் குறையத் தொடங்கும் என்பதை மறக்கக் கூடாது.

நிலக்கரி மீத்தேன் என்பது வேறு வகை. அதில் வாயு துளையில் தேங்கியிருப்பதில்லை. நிலக்கரியின் உட்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே நிற்கும் நீரின் அழுத்தம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. வாயுவை விடுவிக்க வேண்டுமானால் முதலில் அந்த நீரை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இறைத்தாக வேண்டும். மன்னார்குடிப் பகுதியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்காக 2010-ல் இத்தகைய ஒப்பந்தம் கையெழுத்தானபோது, நிலத்தடி நீர் வற்றும் என்று விவசாயிகள் எதிர்த்ததற்கு அடிப்படை இதுவே. மாநில அரசு 2013-ல் அதை நிறுத்தி வைத்து, 2015-ல் அனுமதி இல்லை என அறிவித்தது. 2017-ல் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் எரிவாயுத் திட்டத்தை எதிர்த்துப் பெரும் போராட்டம் நடைபெற்றது. 2020-ல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டுவதைத் தடை செய்தது. ஏற்கெனவே நடந்துவந்த பணிகளுக்கு அத்தடை பொருந்தாது.

நிலம் உள்வாங்குமா?

துளைகளில் உள்ள எண்ணெயை எடுத்தால் உள் அழுத்தம் குறைகிறது. மேலுள்ள பாரம் பாறையைச் சற்றே நெருக்குகிறது. பாறை உறுதியாகவும் படிவு மெல்லியதாகவும் இருந்தால் தரையில் மாற்றம் தெரியாது. பாறை இளகியதாகவும், தடிமனாகவும், எடுக்கும் அளவு பெரிதாகவும் இருந்தால் தரை தாழும். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் வில்மிங்டன் எண்ணெய் வயலில் தரை சுமார் 29 அடி தாழ்ந்தது. 1950-களில் பாறைக்குள் நீரைச் செலுத்தத் தொடங்கிய பிறகே அது கட்டுப்பட்டது. நெதர்லாந்து நாட்டின் குரோனிங்கன் வேளாண் பகுதியில் 1959-ல் மாபெரும் எரிவாயு வயல் கண்டறியப்பட்டது. பல ஆண்டுகள் வாயு எடுத்த பின் அங்கே சிறு நிலநடுக்கங்கள் ஏற்பட்டு, பண்ணை வீடுகளின் சுவர்கள் விரிசல் விட்டன. 2012-ல் 3.6 அளவுள்ள நடுக்கம் ஏற்பட்டது. 2024-ல் அந்த வயலை அந்நாடு சட்டப்படி நிரந்தரமாக மூடிவிட்டது.

காவிரி வயல்கள் இவற்றோடு ஒப்பிட மிகச் சிறியவை. ஆயினும் கடைமடைப் பகுதி கடல் மட்டத்தை ஒட்டிய தாழ்நிலம். அங்கே தரை சில அங்குலம் தாழ்ந்தாலும் வடிகால் தடைப்படும். ஆகவே எண்ணெய் எடுக்கும் இடங்களில் தரை மட்டத்தைக் காலந்தோறும் அளந்து, விவரத்தை ஊராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கேட்பது நியாயமே.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

1. எண்ணெய்க் கிணறோ குழாயோ அருகில் இருந்தால், கிணற்று நீரை ஆண்டுக்கு ஒரு முறை, அதே மாதத்தில், பரிசோதனை செய்து சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். கார அமில நிலை, மின்கடத்தும் திறன், குளோரைடு அளவு ஆகியவற்றைக் கேட்டுப் பெறவும். நீர் கெட்டது என்று பின்னாளில் முறையிட வேண்டி வந்தால், முன்பு நன்றாக இருந்தது என்பதற்குச் சான்று அந்தச் சீட்டுதான்.

2. வயல் நீரில் வானவில் நிறப் படலம் தெரிந்தால் குச்சியால் கலைத்துப் பார்க்கவும். சில்லு சில்லாக உடைந்து தனித்தனியே நின்றால் அது இரும்புச் சத்தினால் வந்த படலம்; பயப்பட வேண்டாம். கலைத்தவுடன் மீண்டும் கூடி மூடிக்கொண்டால் எண்ணெயாக இருக்கலாம்.

3. இயற்கை எரிவாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது. வீட்டுச் சிலிண்டர் வாயுவின் நாற்றம் கசிவை அறிவதற்காகச் சேர்க்கப்படுவது. எனவே மணம் இல்லை என்பதால் வாயு இல்லை என்று நினைக்கக் கூடாது. ஆழ்குழாய்க் கிணற்றில் குமிழி வந்தால் தீக்குச்சி கொளுத்திச் சோதிப்பது உயிருக்கு ஆபத்து. பழைய கிணற்றுக்குள் இறங்கிப் பார்ப்பதும் கூடாது.

4. குழாய்க் கசிவு ஏற்பட்டால் முதலில் வாய்க்கால் மடையை அடைத்து, வரப்பை உயர்த்தி, எண்ணெய் அடுத்த வயலுக்குப் போகாமல் தடுக்க வேண்டும். இதைக் காற்று வீசும் திசைக்கு எதிரே, தள்ளி நின்று செய்ய வேண்டும். வாயு சீறினால் இதையும் செய்யாமல் விலகிவிட வேண்டும். டிராக்டர், மோட்டார், பீடி, அடுப்பு எதுவும் அருகில் கூடாது. உடனே தீயணைப்பு நிலையத்துக்கும் வட்டாட்சியருக்கும் தகவல் தரவும். 2017 ஜூன் இறுதியில் தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியது நினைவிருக்கலாம்.

5. எண்ணெய் படிந்த மண்ணை உழுது புரட்டிவிடக் கூடாது. புரட்டினால் எண்ணெய் ஆழத்துக்குப் போய், சுத்தம் செய்வது கடினமாகும். மண் மாதிரி எடுத்த பிறகே அப்புறப்படுத்தவோ, எண்ணெயைச் சிதைக்கும் நுண்ணுயிர்களை இடவோ வேண்டும்.

6. 1962-ஆம் ஆண்டுக் குழாய்ப் பாதைச் சட்டப்படி, நிலத்தில் குழாய் பதிக்க அறிவிக்கை வந்தால் 21 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். நிலம் விவசாயிக்கே சொந்தமாக இருக்கும், பயிரும் செய்யலாம். ஆனால் அந்தப் பட்டையில் கட்டடம் கட்டவோ, கிணறு, குளம் வெட்டவோ, மரம் நடவோ முடியாது. தென்னை வைத்திருப்போர் இதைக் குறிப்பாக எண்ணிப் பார்க்க வேண்டும். பயிருக்கும் மரத்துக்கும் ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு தனியே உண்டு. நிலத்தின் சந்தை மதிப்பில் 100-க்கு 10 பங்கு உபயோக உரிமைக்காகத் தரப்படுகிறது. கையெழுத்திடும் முன் மரங்களையும் பயிரையும் கணக்கெடுத்துக் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவு செய்துகொள்வது நல்லது.

கோடிக்கணக்கான ஆண்டுகள் எண்ணெயைக் காத்தது ஒரு களிமண் மூடி. இன்று மேலே வயலையும் கிணற்றையும் காப்பது அந்த மூடியும், அதைத் துளைத்த இடத்தில் இட்ட சிமெண்டும். மூடி இயற்கை கொடுத்தது. சிமெண்ட் மனிதன் இட்டது. அது சரியாக இருக்கிறதா என்று கேட்கும் உரிமை மேலே உழுகிறவருக்கு உண்டு. நீர்ப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பதில் கிடைப்பது எளிது.